வாசலில் தொங்கிய தகடு

மேரிசெலினுடைய கையைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டும். கட்டையான விரல்கள், அகன்ற உள்ளங்கை, முழங்கை வரைக்கும் கோழி நகம் கீறிய கோடுகள், பழையதும் புதியதுமாக. ஹோர்சன்ஸ் நகருக்கு வெளியே ஒரு கோழி வெட்டும் ஆலையில், உயிரோடு வந்து இறங்கும் கோழிகளைக் காலில் பிடித்துத் தூக்கித் தலைகீழாகக் கொக்கியில் மாட்டுவது அவளுடைய வேலை. நிமிடத்துக்கு இருபது கோழி. பிடித்த பிடியிலேயே கோழிக்கு விஷயம் விளங்கிவிடும். அது செட்டையடிக்கும், பீச்சும், கீறும், கொத்தும். தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்க்கும். டேனிஷ்காரப் பெண்கள் இரண்டு கிழமையில் அந்த இடத்தை விட்டு ஓடிவிடுவார்கள். மேரிசெலின் ஓடவில்லை.

"கோழி என்ன கோழி, நான் சுறாவின்ர வாய்க்குள்ள கை விட்டனான்" என்பாள். அது பொய். ஆனால் மன்னாரில், பேசாலைக் கடற்கரையில் வளர்ந்த ஒருத்திக்கு அவ்வளவு பொய் சொல்ல உரிமை உண்டு.

அந்தக் கை அடிக்கும். இதைச் சுற்றி வளைத்துச் சொல்லி என்ன பயன்? பிள்ளைகளை அடிக்கும், நன்றாகவே அடிக்கும். அடித்துவிட்டு அதே கையால் சோறு குழைத்து ஊட்டும்.

அவளுக்கும் அப்படித்தான் பழக்கினார்கள். எட்டு வயதில் காயப்போட்ட கருவாட்டுக்குக் காவல் இருந்தாள். வெயிலில் கண் அயர்ந்துவிட்டாள். நாய்கள் மூன்று துண்டுச் சுறாவைக் கொண்டு போய்விட்டன. அவளுடைய தகப்பன் பேதுரு நனைந்த கயிற்று நுனியை எடுத்து, ஒரு துண்டுக்கு நாலு அடியென்று பன்னிரண்டையும் எண்ணி எண்ணிப் போட்டார். எண்ணிக்கையில் அவர் நேர்மையானவர். ஒன்று கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பொழுது சாய்ந்ததும் முதுகுக்கு எண்ணெய் பூசிவிட்டு, மீன் தலையை அவளுடைய கோப்பையில்தான் வைத்தார். "அப்பு அண்டைக்கு அடிச்சபடியால்தான் நான் இண்டைக்கு ஒருத்தரிட்டையும் கையேந்தாமல் இருக்கிறன்" என்று மேரிசெலின் முப்பத்தாறு வயதிலும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதை அவள் வேதம்போல நம்பினாள்.

கட்டிய கணவன் கிறிஸ்துநாயகம் வேறு மாதிரி. பிள்ளைகளைத் தொட்டு ஒரு வார்த்தை அதட்டியறியாத மனிதன். எண்பத்து நாலாம் ஆண்டு மார்கழியில் ஒரு விடியற்காலை அவனுடைய படகு தனியாகக் கரைக்கு வந்தது. உள்ளே அவன் கிடந்தான். கடற்படை ரோந்துப் படகிலிருந்து வந்த வெடி, பலகையில் நாலு ஓட்டை, அவனில் இரண்டு. ஊர்ப்பெண்கள் தலையில் அடித்து அழுதபோது மேரிசெலின் அழவில்லை. தும்பும் மணலும் எடுத்துக்கொண்டு போய்ப் படகுப் பலகையில் ஊறியிருந்த இரத்தத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முப்பத்தோராம் நாள் பூசை முடிவதற்கு முன்பே படகை விற்றுவிட்டாள். கறை இருந்தால் விலை குறையும் என்பது அவளுக்குத் தெரியும். அவள் கல்நெஞ்சுக்காரி என்று ஊர் சொன்னது. சொன்னவர்களில் ஒருவர்கூட அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு நேரச் சோறு போடவில்லை.

படகுக் காசு, வலைக் காசு, தாலிக்கொடி. எல்லாம் சேர்ந்து கொழும்பு, மொஸ்கோ, கிழக்கு பெர்லின் என்று மூன்று பேரைக் கொண்டுவந்து டென்மார்க் போகும் கப்பலில் ஏற்றியது. கப்பலில் மூத்தவள் அமலராணி தகப்பனை நினைத்து அழத் தொடங்கினாள். மேரிசெலின் கன்னத்தைப் பொத்தி ஒன்று கொடுத்தாள். "அழுதால் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். வாயை மூடு." பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாயை மூடியது. அன்றிலிருந்து அமலராணி சத்தம் போட்டு அழுததில்லை. சின்னவள் கத்தரீனாவுக்கு அப்போது ஆறு வயது. அவள் தமக்கையின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அகதி முகாமில் பல மாதம் இருந்த பிறகு, எண்பத்தாறு சித்திரையில் ஹோர்சன்சில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு கிடைத்தது. வாசற்கதவுக்குப் பக்கத்தில், ஆணியில் ஒரு இரும்புத் தகடு தொங்கியது. ஒரு முழத்துக்கு மேல் நீளம். ஒரு நுனியில் தோல் வளையம், மறு நுனி கரண்டிபோல வளைந்திருந்தது. முன்பு குடியிருந்தவர்கள் விட்டுவிட்டுப் போனது. மேரிசெலின் அதை எடுத்துக் காற்றில் ஒரு வீச்சு வீசிப் பார்த்தாள். விர்ரென்றது.

பிறகு கீழ்வீட்டுக் கிழவர் யென்சனின் வாசலில் அதேபோல ஒன்றைக் கண்டாள். டேனிஷ் மொழி வகுப்பு ஆசிரியை கோப்பிக்கு அழைத்தபோது அங்கேயும் கதவடியில் ஒன்று. அவளுடைய மனம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பேசாலைப் பள்ளிக்கூடத்திலும் பிரம்பு கதவுக்குப் பக்கத்தில்தான் தொங்கும்.

"பார் பிள்ளை, இவங்கள் சும்மா சிரிச்சுக்கொண்டு திரியிற சனம் எண்டெல்லோ நினைச்சன்" என்று அமலராணியிடம் சொன்னாள். "ஒவ்வொரு வீட்டிலயும் வாசல்லயே அடிக்கிற தகடு வச்சிருக்கிறாங்கள். அதுதான் இஞ்சத்தைப் பிள்ளையள் இவ்வளவு ஒழுங்கு."

சப்பாத்துக்குள் குதிக்காலை நுழைப்பதற்கு ஒரு கருவி வேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அவளுக்குத் தெரிந்து பேசாலையில் சப்பாத்துப் போட்டவர் பங்குச் சுவாமியார் ஒருவர்தான். அவரும் குனிந்து விரலால்தான் இழுத்துப் போட்டார். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தத் தகடு முதன்முதலில் அமலராணியின் கெண்டைக்காலில் விழுந்தபோது அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

அந்தத் தகட்டால் அவள் பிள்ளைகளை மட்டும் அடித்தாள் என்றும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு புரட்டாசியில் ஒரு பின்னேரம், சோறு வடித்துக்கொண்டிருந்தபோது சமையலறைக் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு கல் வந்து விழுந்தது. கண்ணாடித் துண்டுகள் சோற்றுப் பானைக்குள். கீழே சைக்கிளில் மூன்று பொடியன்கள் கூவிச் சிரித்தார்கள். மேரிசெலின் தகட்டைக் கழற்றிக்கொண்டு வெறுங்காலோடு மூன்று மாடியும் இறங்கினாள். இரண்டு பேர் பறந்துவிட்டார்கள். மூன்றாமவனின் சைக்கிள் சங்கிலி கழன்றுவிட்டது. அவனுடைய முதுகில் முதல் அடி, தோளில் இரண்டாவது. அவன் சைக்கிளோடு விழுந்த பிறகும் விடவில்லை. காதடி கிழிந்து இரத்தம் வந்தது. யென்சன் கிழவர் ஓடிவந்து இடுப்பில் பிடித்து இழுத்தபோதும் அவளுடைய கை காற்றில் வீசிக்கொண்டேயிருந்தது. அவள் அந்தப் பொடியனையா அடித்தாள்? பலகையில் நாலு ஓட்டை போட்டவனை அடித்தாள். அவன் கையில் அகப்படாதவன், இவன் அகப்பட்டான்.

பொலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. தன் நெஞ்சளவு உயரமே உள்ள ஒரு பெண்ணிடம் அடி வாங்கியதாகச் சொல்ல எந்தப் பொடியன் முன்வருவான்? அதற்குப் பிறகு கல் வரவில்லை. "கண்டியளோ? அடி விளங்காத பாசை உலகத்தில இல்லை" என்று மேரிசெலின் பிள்ளைகளுக்குச் சொன்னாள். சோற்றைக் கொட்டிவிட்டுப் புதிதாக வடித்தாள். கொட்டிய அரிசிக்காக அன்று தன் சாப்பாட்டைத்தான் குறைத்துக்கொண்டாள். அவளுடைய நீதி அவளுக்கும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

பிள்ளைகளுக்கு அவள் பழக்கிய பாடங்கள் மூன்று. உழைக்க வேண்டும், காசின் அருமை தெரிய வேண்டும், குடும்பத்துக்கு யார் யார் என்ன கடமையென்று அறிய வேண்டும். இதில் பிழை சொல்ல யாருக்கு வாய் வரும்? பாடத்தில் ஒரு குற்றமும் இல்லை.

அமலராணிக்கு முதல் வேலை தாய்க்கு வாயாக இருப்பது. ஒரு வருடத்தில் அவளுடைய நாக்கில் டேனிஷ் நன்றாக உருண்டது. ஒருமுறை நகரசபை அலுவலகத்தில், உடைந்த கண்ணாடிக்காக மேரிசெலின் நாலு வசனம் கொதித்துக் கொட்டினாள். மகள் வெட்கப்பட்டு ஒரு வசனத்தில் முடித்துவிட்டாள். அலுவலர் சிரித்துத் தலையாட்டினார். பஸ் தரிப்பிடத்துக்கு வந்ததும் கன்னத்தில் இரண்டு விழுந்தது.

"என்ர வாயை உன்னட்டை ஒப்படைச்சிருக்கிறன். நான் சொன்னதைச் சொன்னபடி சொல்ல வேணும். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அதுதான் உன்ர வேலை. விளங்கிச்சோ?"

"ஓம் அம்மா."

பதின்மூன்று வயதானதும் அமலராணிக்கு இன்னொரு வேலை கிடைத்தது. இந்த நாட்டில் அந்த வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து கடைகளின் விளம்பரத் தாள்களை வீடு வீடாகப் போடுவார்கள். அந்தக் காசு அவர்களுக்கு. படம் பார்க்கலாம், பாட்டுத்தட்டு வாங்கலாம். அமலராணியின் காசு மட்டும் தாய் வீட்டுச் செலவுக்குக் காசு போடும் பிஸ்கற் பேணிக்குள் போனது. புதன்கிழமைகளில் இரண்டு சில்லு வண்டிலை இழுத்துக்கொண்டு நூற்றெண்பது கதவு. மாடி மாடியாக ஏறி, கதவில் இருக்கும் தபால் வாயைத் தள்ளித் தாளைச் செருக வேண்டும். மேரிசெலின் இதற்கு ஒரு வாய்பாடு செய்தாள். கதவுக்கு ஐம்பது சதம். ஒரு கிலோ அரிசி இருபது கதவு. பால் பத்துக் கதவு. மூன்று பேருக்கு ஒரு பஸ் பயணம் முப்பது கதவு. கத்தரீனாவை மேசையில் ஏற்றி இருத்தி, ஞானோபதேசம் கேட்பதுபோலக் கேட்பாள்.

"அரிசி?"

"இருவது கதவு."

"பால்?"

"பத்துக் கதவு."

"ஆரின்ர கால் நடந்தது?"

"அக்காவின்ர கால்."

ஐப்பசியில் ஆலையில் அவளை விடிகாலை வேலைக்கு மாற்றினார்கள். பிள்ளைகள் எழும்புவதற்கு முன்பு போய், அவர்கள் வந்த பிறகுதான் திரும்புவாள். போகத் தொடங்கிய நாளில் அமலராணியை வாசலடிக்குக் கூப்பிட்டு, தகட்டின் தோல் வளையத்தை அவளுடைய கையில் மாட்டிவிட்டாள்.

"நான் இல்லாத நேரம் நீதான் தாய். தங்கச்சி பிழை விட்டால் நீதான் திருத்த வேணும். அவள் கெட்டுப்போனால் அதுக்கும் நீதான் பொறுப்பு. அப்பா இல்லாத வீடு பிள்ளை. ஆர் இருக்கினம் எங்களுக்கு?"

மூத்த அக்கா தாய்க்குச் சமானம் என்பது எங்கள் ஆட்களுக்குப் புதிதல்ல. எத்தனையோ வீடுகளில் அது அன்பாகத்தான் நடக்கிறது. ஆனால் தாய் எப்படியோ, தாய்க்குச் சமானமும் அப்படித்தான் இருக்கும். அதை மேரிசெலின் யோசிக்கவில்லை.

கார்த்திகை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. ஆலையில் இயந்திரம் நின்றுவிட்டது. எல்லாரையும் நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். மேரிசெலின் மாடிப்படியில் ஏறி மூன்றாம் மாடிக்கு வந்தபோது, கதவுக்கு அப்பால் தன்னுடைய குரலைக் கேட்டாள். அதே இழுவை, அதே இடத்தில் அதே நிறுத்தம்.

"இனிப்பு எத்தினை கதவு? சொல்லு!"

"பத்து."

"சத்தமாய்ச் சொல்லு. ஆரின்ர கால் நடந்தது?"

"அக்காவின்ர கால்."

"அப்ப எத்தினை அடி?"

"பத்து."

விஷயம் இதுதான். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் கிழமைக்கு ஒருநாள் கடதாசிப் பை நிறைய இனிப்பு வாங்குவார்கள். கத்தரீனாவுக்கு ஏழு வயது. பேணியிலிருந்து பத்துக் கதவுக் காசு, ஐந்து குரோனரை எடுத்து, முதன்முறையாகத் தானும் ஒரு பை வாங்கிவிட்டாள்.

விர்ரென்றது. பிறகு சதையில் படுகிற சத்தம். அமலராணி எண்ணினாள், ஒண்டு. மேரிசெலின் கதவுக்கு வெளியே நின்று தானும் எண்ணினாள். நாலாவதில் கத்தரீனா "அக்கா, அக்கா" என்றாள். ஆறாவதில் மேரிசெலின் கைபிடியில் கையை வைத்தாள். இரும்பு குளிர்ந்தது. இப்போது உள்ளே போனால் அமலராணிக்கு மரியாதை போய்விடும், நாளைக்குச் சின்னவள் சொல் கேட்கமாட்டாள் என்று மனம் சொன்னது. மனம் பொய் சொல்கிறது என்று வயிறு சொன்னது. ஏழு. எட்டு. பேசாலையில் வெயிலில் நின்ற ஒரு பிள்ளையின் முதுகு எரிந்தது. ஒன்பது. பத்து. எண்ணிக்கை சரியாக இருந்தது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அவள் உள்ளே போகவில்லை. ஒரு மாடி இறங்கி, சற்று நின்று, அப்போதுதான் வருகிறவள்போலக் காலை உரக்க மிதித்துக்கொண்டு ஏறிவந்தாள்.

அமலராணி அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். கத்தரீனா சுவரைப் பார்த்துக் குந்தியிருந்தாள். தரையில் கறுப்பும் சிவப்புமாக இனிப்புகள். சின்னவளைக் குளிக்க வார்க்கும்போது மேரிசெலின் பார்த்தாள். முதுகில் ஏழு, தடுக்கத் தூக்கிய கையில் மூன்று. நல்லெண்ணெய் எடுத்துப் பூசினாள்.

"அக்கா உன்ர நன்மைக்குத்தான் செய்தவ" என்றாள்.

"ஓம் அம்மா. இனிப்பும் பத்து, அடியும் பத்து. இப்ப சரிதானே?" என்று கேட்டாள் கத்தரீனா.

மேரிசெலின் சரியென்றாள். அந்தச் சொல்லுக்காக அவள் பிறகு தன்னை மன்னிக்கவே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை கத்தரீனாவின் வகுப்பாசிரியை கிர்ஸ்டன் வந்தாள். இங்கே ஆசிரியர்கள் பிள்ளைகளின் வீட்டுக்கு ஒருமுறை வந்து பார்ப்பது வழக்கம். வேறொன்றுமில்லை. மேரிசெலின் மீன் வைத்துப் பற்றிஸ் சுட்டுக் கோப்பியோடு வைத்தாள். கிர்ஸ்டன் நாலு பற்றிஸ் சாப்பிட்டாள். கத்தரீனா நல்ல பிள்ளை, மிகவும் அமைதியான பிள்ளை என்றாள். அமலராணி சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்த்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

போவதற்கு எழும்பி வாசலடியில் கழற்றி வைத்த நீளச் சப்பாத்துக்குள் காலை விட்ட கிர்ஸ்டன், ஆணியிலிருந்து தகட்டை எடுத்தாள்.

கத்தரீனா அலறினாள். அது பிள்ளை அலறுகிற சத்தம் மாதிரி இல்லை. மேரிசெலினுக்கு ஆலையில் கேட்டுப் பழகிய சத்தம். கோட்டுகள் தொங்கும் மூலைக்குள் விழுந்து, இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு, "அக்கா வேண்டாம்! பத்தும் முடிஞ்சுது! அக்கா, பத்தும் முடிஞ்சுது!" என்று கத்தினாள். காலடியில் மூத்திரம் ஓடியது.

மேரிசெலின் பாய்ந்து குறுக்கே விழுந்தாள். அவளும் அந்த ஒரு கணம் நம்பிவிட்டாள், வெள்ளைக்காரி தன் பிள்ளையை அடிக்கத்தான் தகட்டை எடுத்தாளென்று. ஆசிரியையின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கியபோதுதான் கண்டாள். தகட்டின் வளைந்த நுனி கிர்ஸ்டனின் குதிக்காலுக்குப் பின்னால், சப்பாத்துக்குள் அரைவாசி இறங்கியிருந்தது. கிர்ஸ்டன் ஒற்றைக்காலில் நின்றபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி இது?" என்றாள் மேரிசெலின்.

"சப்பாத்துப் போடுறதம்மா" என்று அமலராணி மெல்லச் சொன்னாள்.

"உனக்குத் தெரியுமோ?"

"ஆனி மாசமே தெரியும். சிநேகிதியின்ர வீட்டில பாத்தனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அமலராணி தாயைப் பார்த்தாள். "சொன்னால் வேற ஒண்டால அடிப்பியள்தானே."

கிர்ஸ்டன் முழந்தாளிட்டுக் கத்தரீனாவின் கையை மெதுவாகப் பிடித்துச் சட்டைக் கையை உயர்த்தினாள். மூன்று கோடு, ஓரம் மஞ்சளாகி நடுவில் நீலமாக. நிமிர்ந்து அமலராணியிடம் ஏதோ கேட்டாள். அமலராணியின் உதடு வெளுத்துப்போனது.

மேரிசெலினுக்குக் கேள்வி விளங்க மொழி தேவைப்படவில்லை. இந்த நாட்டில் பிள்ளைகளைத் தாயிடமிருந்து எடுத்துவிடுவார்கள் என்று முகாமில் எல்லாரும் கதைத்துக்கொள்வார்கள். கணவனைக் கடல் கொண்டுவந்து போட்டது. மிஞ்சியிருப்பது இந்த இரண்டும்தான்.

"நான்தான் அடிச்சனான் எண்டு சொல்லு" என்றாள்.

அமலராணி தங்கையைப் பார்த்தாள்.

"சொன்னதைச் சொல்லு!"

அமலராணி சொன்னாள். கிர்ஸ்டன் கேட்டுவிட்டு, கத்தரீனாவிடம் நேரே டேனிஷில் கேட்டாள். கத்தரீனா தலையைத் தூக்காமல் தமக்கையைக் காட்டினாள். பிறகு கிர்ஸ்டன், கோபமில்லாத குரலில், அமலராணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"என்னவாம்?" என்றாள் மேரிசெலின்.

"இப்பிடி அடிக்க ஆர் பழக்கினது எண்டு கேக்கிறா."

மேரிசெலின் கதிரையில் இருந்தாள். கை இரண்டையும் மடியில் வைத்து, அவை வேறு யாருடையவோ என்பதுபோலப் பார்த்தாள். பிறகு பேசத் தொடங்கினாள்.

"நான் எண்டு சொல்லு. தகட்டை உன்ர கையில மாட்டிவிட்டது நான் எண்டு சொல்லு. உனக்கும் அதாலதான் அடிச்சனான் எண்டு சொல்லு. காலைக் காட்டு. பாக்கட்டும். கப்பல்ல அழுததுக்கு அடிச்சனான், பஸ் தரிப்பில அடிச்சனான், எல்லாத்தையும் சொல்லு. ஒண்டையும் குறைக்காதை."

அமலராணி சொன்னாள். ஒவ்வொன்றாக, ஒரே குரலில், தன்னைப் பற்றியல்லாமல் வேறு யாரோ பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

"வெள்ளிக்கிழமை நீ தங்கச்சிக்கு அடிக்கேக்குள்ள நான் கதவுக்கு வெளியில நிண்டனான். உள்ளுக்கு வரேல்லை. பத்தையும் எண்ணினனான். அதையும் சொல்லு."

அமலராணி கிர்ஸ்டன் பக்கம் திரும்பவில்லை. தாய் பக்கம்தான் திரும்பினாள்.

"நிண்டனீங்களோ?"

"ஓம்."

"எனக்குக் கை நொந்தது அம்மா. ஆராவது வந்தால் நிப்பாட்டலாம் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனான்."

தாய் சொன்னதை மொழிபெயர்ப்பதற்கு முன்பு அமலராணி அழுதாள். கப்பலுக்குப் பிறகு முதல் தடவையாக, சத்தம் போட்டு, வாயை மூடாமல் அழுதாள். யென்சன் கிழவர் கீழேயிருந்து கதவைத் திறந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு அழுதாள்.

அடுத்த நாள், கிர்ஸ்டன் அறிவித்துவிட்டாள், நகரசபையிலிருந்து கடிதம் வரும் என்று தெரிந்ததும் மேரிசெலின் பையைக் கட்டினாள். தலைநகர்ப் பக்கம், ஹ்விடோவ்ரேயில் ஒன்றுவிட்ட தங்கை பரமேஸ்வரி இருந்தாள். கலப்புக் கலியாணம் செய்து, பெயர் மாற்றி, ஊரோடு உறவில்லாதவள். அவள் வீட்டில் ஒளித்தால் யார் தேடுவார்கள்? உடுப்பு, கடவுச்சீட்டு, பிஸ்கற் பேணி. கத்தரீனாவுக்குக் கோட்டும் போட்டாயிற்று.

"அங்கயும் நான்தானோ தாய்?" என்று அமலராணி கேட்டாள்.

மேரிசெலின் பையின் பூட்டில் கை வைத்தபடி நின்றாள். அப்படியே ஓங்கிப் பையைச் சுவரில் எறிந்தாள். பேணி திறந்து சில்லறை வீடெல்லாம் சிதறியது. தன் வலக்கையைக் கதவு நிலையில் ஓங்கி ஓங்கி அடித்தாள், விரல் மூட்டுகள் வெடித்துத் தோல் உரியும்வரை. பிள்ளைகள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு மூலையில் நின்றார்கள். களைத்துப்போய் நிலத்தில் இருந்த பிறகு, கத்தரீனாவின் கோட்டுப் பொத்தான்களை இடக்கையால் ஒவ்வொன்றாகக் கழற்றினாள்.

மார்கழி தொடக்கத்தில் நகரசபை ஆட்கள் பிள்ளைகளை ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் குடும்பத்தோடு இருக்க அனுப்பினார்கள். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் பார்ப்போம் என்றார்கள்.

முதல் புதன்கிழமை விளம்பரத் தாள் கட்டுகள் வழக்கம்போல வாசலில் வந்து கிடந்தன. அமலராணி வராவிட்டால் வேலையை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள். மேரிசெலின் விடியற்காலையிலிருந்து கோழி மாட்டிய உடம்போடு வண்டிலை இழுத்துக்கொண்டு போனாள். பனி கண்ணில் குத்தியது. தபால் வாய்கள் எலிப்பொறி மாதிரி விரலைக் கவ்வின. ஒரு கதவுக்குப் பின்னாலிருந்து நாயொன்று தாளோடு சேர்த்து விரலையும் கடித்தது. இரத்தத்தைச் சப்பிக்கொண்டு அடுத்த மாடி ஏறினாள். இருபதாவது கதவில் நின்று மூச்சு வாங்கினாள். ஒரு கிலோ அரிசி. அதற்கு ஐந்து மாடிக் கட்டடத்தில் இரண்டு படிக்கட்டும் ஏறி இறங்க வேண்டும். இருபது கதவு என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாள், ஒருநாளாவது கூட நடந்து பார்த்தாளா? அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நூற்றெண்பதையும் முடித்தாள். ஒவ்வொரு புதனும் முடித்தாள். வந்த காசைப் பேணிக்குள் போடவில்லை. அமலராணியின் பெயர் எழுதிய உறையில் வைத்து ஒட்டினாள்.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வர விட்டார்கள். வாசலில் அந்த ஆணி இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது. மேரிசெலின் புட்டும் மீன்குழம்பும் வைத்தாள். உறையை எடுத்து அமலராணிக்கு முன்னால் வைத்தாள்.

"இது உன்ர காசு. நீ நினைச்சதுக்குச் செலவழி."

"ஆர் நடந்தது?"

"நான்."

அமலராணி தாயின் விரல்களைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துக் கத்தரீனாவின் முழங்கை பட்டுப் பால் கோப்பை கவிழ்ந்தது.

அமலராணியின் கை தன்பாட்டில் மேலே போனது. அவள் நினைத்துச் செய்யவில்லை, முகத்தில் கோபம்கூட இல்லை. மேரிசெலினின் கை அதைவிட வேகம். நிமிடத்துக்கு இருபது பிடிக்கிற கை. மகளின் மணிக்கட்டை அந்தரத்திலேயே பிடித்துவிட்டது. பிடித்த பிறகுதான் அது எந்தப் பிடியென்று அவளுக்குத் தெரிந்தது. எலும்பு நெரிந்தது. விட வேண்டும் என்று நினைத்தாள், விரல்கள் உடனே கேட்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தாள். மணிக்கட்டில் நாலு வெள்ளைக் கோடு விழுந்து, பிறகு சிவந்தது.

"நோகுதோ பிள்ளை?"

"ஓம்" என்றாள் அமலராணி. "எனக்குக் கை ஏன் போச்சுதெண்டு தெரியாதம்மா."

"எனக்கும் தெரியாது."

கத்தரீனாவின் கதிரை வெறுமையாக இருந்தது. அவள் எப்போதோ மேசைக்குக் கீழே போய்விட்டாள். பால் விளிம்பால் வழிந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா" என்று கீழேயிருந்து கேட்டாள். "பால் பத்துக் கதவு. முழுக்க ஊத்துப்படேல்லை. அப்ப எத்தினை?"

"ஒண்டும் இல்லை. வெளியில வா ராசாத்தி."

அவள் வரவில்லை. மேரிசெலின் குனிந்து இழுக்கப் போனவள், நிறுத்திக்கொண்டாள். கதிரையைச் சற்றுப் பின்னால் தள்ளி இருந்து, கீழேயிருந்து பார்த்தால் தெரியும்படி இரண்டு கையையும் மடியில் விரித்து மலர்த்தி வைத்தாள். கொஞ்ச நேரத்தில் அமலராணியும் அப்படியே வைத்தாள். புட்டு ஆறிப்போகும்வரை இருவரும் அசையாமல் இருந்தார்கள்.